திருப்பி அனுப்பிய வீடுகள்

அத்தியாயம் 11

தனகோடியின் மேல் கோபமாக இருக்கிறவர்கள் இந்த வாரமும் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். "இந்தப் பொம்பளை வாயைத் திறக்கவே மாட்டாளா?" என்று வந்தவாசியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். அம்மா, எனக்கும் அதே எரிச்சல்தான். எழுதுகிறவன் சொன்னால் மட்டும் கேட்டுவிடப் போகிறாளா அவள்?

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி. தனகோடி ஆரணியில் ஒரு சர்க்கார் ஆபீசில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள். நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகவில்லை. தம்பி கமலக்கண்ணன் பட்டு நெய்கிறவன். அவன் வீட்டு மாடி அறைதான் அவளுக்கு எல்லாம். மழைக்காலம் வந்தால் அந்தத் தெருவில், நெய்கிறவன் காலை விட்டு உட்காருகிற தறிக்குழி பூராவும் தண்ணீர். கார்த்திகை மாசம் நெய்வதை விட்டுவிட்டு வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்டிருப்பார்கள். அதனால் பதினெட்டு குடும்பத்துக்கு போளூர் ரோட்டு மேட்டில் வீடும் தறிக்கூடமும் கட்டித்தர அரசாங்கம் போன வருஷம் பணம் ஒதுக்கியது. இடத்து வில்லங்கம் தீர மாசி ஆகிவிட்டது. "மார்ச்சுக்குள் இதைச் செலவு செய்ய முடியாது, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சென்னைக்கு எழுதியவள் நம் தனகோடிதான். எடுத்துக்கொண்டார்கள். வேறு இடத்துக்குக் கொடுத்தும் விட்டார்கள். அந்த உத்தரவு திங்கட்கிழமை அவள் மேசைக்கு வந்தது. வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

இன்று வெள்ளிக்கிழமை. போளூர் ரோட்டு மேட்டில் முதல் கல் வைக்கிற நாள்.

*

"அக்கா! இன்னும் இன்னா பண்ற மேல? ஜல்தி எறங்கு!"

கமலக்கண்ணன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். தனகோடி படியிறங்கி வந்தபோது புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் அலைந்துகொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி அம்மணி தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் தறி இல்லை. நேற்று சாயங்காலமே பிரித்து மரத்தையெல்லாம் சுவரோரம் சாய்த்துவிட்டார்கள். குழி மட்டும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

"அண்ணி, உங்க தம்பி ராத்திரி தூங்கவே இல்லீங்க. தூணு எங்க, ஜன்னலு எங்கன்னு சொவத்துல கோடு போட்டுக் காட்டிகினு இருந்தாரு. எனக்குத்தான் பேஜாரு" என்று சிரித்தாள் அம்மணி.

"நீ மட்டும் தூங்கினியா? அடுப்படிக்கு ரெண்டு ஜன்னல் வேணும்னு சண்டை போட்டது யாரு?" என்றான் அவன்.

தனகோடி இட்லியைப் பிட்டாள். பிட்டதைச் சட்னியில் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தெருவுல எல்லாம் பேசி முடிச்சிட்டோம். மொதல் கல்லு நீதான் வைக்கிற."

"நானா? சும்மா இரு கண்ணா. கல்யாணம் காட்சி ஆகாதவளைப் போய்..."

"அதெல்லாம் எவனாவது சொன்னா பல்லைத் தட்டிடுவேன். நீ அந்த ஆபீஸ்ல இல்லன்னா நம்ம தெருவை எவன் கண்டுகினான்?"

அவளுக்கு எங்கேயாவது ஓடிப் போய்விடலாம் போல இருந்தது.

"கண்ணா, இன்னிக்கே வைக்கணுமா? அடுத்த முகூர்த்தத்துல வெச்சா இன்னா?"

"இன்னாக்கா பேசற? கல்லு மணல் எல்லாம் எறக்கியாச்சு. பன்னெண்டு மணிக்கு நேரம் குறிச்சிருக்கு. அதுக்குள்ள குழியை வேற மூடணும்."

அந்தக் குழி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தெருவில் ஒரு வழக்கம். பல பேர் சேர்ந்து புது இடத்துக்குப் போகிறபோது, முன்னால் நிற்கிறவன் தன் வீட்டுத் தறிக்குழியை மண் போட்டு மூடிவிட்டுத்தான் அங்கே போய்க் கல் வைக்க வேண்டும். மற்றவர்கள் வீடு எழும்பிய பிறகு மூடினால் போதும். மூடின குழியைத் திரும்பத் தோண்டக்கூடாது. தோண்டினால் அந்த வீட்டில் தறி நிற்காது என்பார்கள். வீடு முடிகிற வரைக்கும், பதினெட்டில் ஒருத்தரான வேடியப்பன் வீட்டில் ஒரு தறியைக் கூலிக்குப் பேசி வைத்திருந்தான் கமலக்கண்ணன்.

"கண்ணா" என்றாள் தனகோடி.

"சொல்லுக்கா."

அவன் முகத்தைப் பார்த்தாள். அம்மா போனபோது அவனுக்குப் பதினோரு வயசு. அன்றைக்கிலிருந்து இந்த முகத்துக்காகத்தான் அவள் எல்லாமும் செய்தாள். அந்த முகத்தில் இன்றைக்கு இருக்கிற சந்தோஷத்தைத் தன் வாயால் துடைத்துப் போட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

"ஆபீஸ் வரைக்கும் போயிட்டு ஓடியாந்துடறேன். ஒரு சின்ன வேலை. நான் வர வரைக்கும் குழியைத் தொடாத."

"உன்ன வெச்சிகினுதான் மூடணும். மொதல் பிடி மண்ணும் நீதான் போடற. போயிட்டு வா."

*

ஆபீசில் அடைக்கலசாமி மட்டும்தான் வந்திருந்தார். சூப்பிரண்டு. ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருக்கிறது. தனகோடியை அந்த ஆபீசில் எல்லாரும் பின்னால் 'ரூல்ஸ் அம்மா' என்பார்கள். அவர் மட்டும் நேரிலேயே சொல்வார்.

"சார், அந்தப் பணத்தை எப்படியாவது திருப்பிக் கொண்டாந்துட முடியாதா? சென்னைல உங்களுக்கு ஆள் இருப்பாங்களே?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தனகோடிம்மா, மார்ச்ல நான் தலையால அடிச்சிகினேன். பில்லைப் போட்டுப் பணத்தை எடுத்து, டிராஃப்டா வாங்கி பீரோல வெய்யி, கட்டட வேலை எப்ப ஆரம்பிக்குதோ அப்பக் குடுத்துக்கலாம்னு சொன்னேனா இல்லையா?"

"அஸ்திவாரமே இல்லாத வீட்டுக்கு எப்படி சார் பில் போடறது?"

"எல்லாரும் எப்படிப் போடறாங்களோ அப்படி. பக்கத்து ஆபீஸ்ல போட்டாங்க. அவங்க திட்டம் பொழச்சிகினு கீது."

"இந்த வருஷம் திருப்பிக் குடுத்தா அடுத்த பட்ஜெட்ல போட்டுத் தருவாங்கன்னு நெனச்சேன் சார். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்."

"அடப் போம்மா! உப்பு டப்பாவுல கெடந்த காசை எடுத்துப் பருப்பு வாங்கிட்டா, அப்புறம் உப்பு டப்பாவை எவன் நெனச்சிப் பாக்கறான்? கடலோர ஜில்லாவுல புயல் அடிச்சி சத்துணவுக் கூடத்துக் கூரையெல்லாம் பறந்துடுச்சி இல்ல? அங்க பணம் வேணும். எந்தெந்த ஆபீஸ்ல மிச்சம் விழும்னு கேட்டாங்க. நீ ஒருத்திதான் நாணயமா மிச்சம்னு எழுதின. நிதித்துறை அதை வாங்கிகினு, துணை பட்ஜெட்ல அங்க குடுத்துட்டாங்க. சட்டசபைல பாஸும் ஆயிடுச்சி. இனி கவர்னரே நெனச்சாலும் நடக்காது."

"புது வருஷத்துல நம்ம திட்டத்துக்கு ஆயிரம் ரூபாதானே சார் போட்டிருக்காங்க?"

"திட்டம் சாகலன்னு காட்டறதுக்கு ஆயிரம் ரூபா. மூச்சு மட்டும் ஓடிகினு கீது."

பதினெட்டு வீட்டுக்கு ஆயிரம் ரூபாய். ஒரு வீட்டு வாசற்படிக்குக்கூட ஆகாது. தனகோடிக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டும் போல இருந்தது. யார் மேல் கோபப்படுவது? கூரை இல்லாமல் வெயிலில் உட்கார்ந்து சோறு தின்கிற பிள்ளைகள் மேலா?

அடைக்கலசாமி நல்ல மனுஷர். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

"இதை மனசுல போட்டு ஒழப்பாத. மேலிடத்துல வெட்டிட்டாங்கன்னு சொல்லிடு. நீ எழுதினன்னு வெளியே யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும். ரெண்டு பேரும் சொல்லப் போறதில்ல."

எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்! ஒரு வாக்கியம் போதும். தம்பி வீடு, அம்மணி கையால் ஒரு வாய் சோறு, பண்டிகைக்கு ஒரு புடவை, எல்லாம் அப்படி அப்படியே இருக்கும். அவளுக்கு அதை விட்டால் இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? வெளியே வந்து ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்த பிறகும் அந்த வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஆனால் குழியை மூடுவதற்கு முன்னால் தம்பியிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

*

வீட்டுக்குள் காலை வைத்ததும் கற்பூர வாசனை வந்தது.

கூடத்தில் குழி இல்லை. செம்மண் போட்டு, தண்ணீர் தெளித்து, காலால் மிதித்துச் சமன் செய்திருந்தார்கள். நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது.

"நான் வந்தப்புறம்னு சொன்னேனே!" கத்தியேவிட்டாள்.

கமலக்கண்ணன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "வேடியப்பன் ஆளுங்களோட வந்துட்டாருக்கா. நேரமாவுதுன்னு குதிச்சாரு. உனக்காக ஒரு பிடி மண்ணு தனியா எடுத்து வெச்சிருக்கேன். கோச்சிக்காத."

"பணம் இல்ல கண்ணா."

"இன்னா பணம்?"

"வீட்டுக்கு வந்த பணம். இப்ப இல்ல. திருப்பிக் குடுத்தாச்சு. மார்ச்சுக்குள்ள செலவாகாதுன்னு நான்தான் எழுதினேன். வேற ஜில்லாவுக்குக் குடுத்துட்டாங்க."

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. காய்ந்த கையையே துடைத்துக்கொண்டிருந்தான்.

அம்மணிக்குத்தான் முதலில் வெடித்தது.

"இன்னாது? திருப்பிக் குடுத்தியா? உன் அப்பன் வூட்டுப் பணமா அது, திருப்பிக் குடுக்க?" இத்தனை வருஷத்தில் அம்மணி அவளிடம் மரியாதை இல்லாமல் பேசியது அன்றைக்குத்தான். "காலைல இங்கதானே ஒக்காந்து இட்லி தின்ன? அப்ப வாயில இன்னா கொழக்கட்டையா?"

"அம்மணி, நான்..."

"பேசாத! தறியைப் பிரிச்சிட்டு, குழியையும் மூடிட்டு ஒக்காந்துகினு கீறோம். வேடியப்பன் வூட்ல கூலிக்கு நெய்யணுமா இந்த மனுஷன் காலம் பூரா? சொந்தத் தறியில நெய்ஞ்ச கையி!" என்றவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீயும் இன்னா லேசுப்பட்டவனா? இஞ்சினியர் போட்ட பிளான்ல தெரு வளையுது, பாவு நூலை நீட்டி விரிக்க நேர்தெரு வேணும்னு மாசியில வரிஞ்சி கட்டிகினு நின்ன. அன்னிக்கே சரின்னு தலையாட்டியிருந்தா இந்நேரம் சுவரு நின்னிருக்கும்."

உண்மைதான் அது. வில்லங்கம் தீர்ந்த கையோடு பிளான் சண்டை. அதில் போனதுதான் கடைசி மாசம். தனகோடி நினைத்திருந்தால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம்.

"அவன் கேட்டது நியாயம்தான் அம்மணி" என்றாள். "தெரு வளைஞ்சா பாவை எங்க விரிக்கிறது?"

கமலக்கண்ணன் துண்டைத் தோளில் போட்டான்.

"வாங்க. ஜனங்க காத்துகினு இருக்காங்க" என்றான்.

*

போளூர் ரோட்டு மேட்டில் வெயில் கொளுத்தியது. பதினெட்டு குடும்பமும் வந்திருந்தது. கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, நடுவில் நேராக ஒரு தெரு விட்டிருந்தார்கள். பாவு விரித்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நிழல்கூடக் குறுக்கே விழாது. வடகிழக்கு மூலையில் செங்கல் ஒன்றுக்கு மஞ்சள் பூசி வைத்திருந்தது. தனகோடியைப் பார்த்ததும் பொம்பளைகள் வழி விட்டார்கள். "வாங்கக்கா, வாங்க" என்று ஆளுக்கு ஒரு கை பிடித்தார்கள். அந்தக் கைகளின் சூடு அவளுக்குத் தாங்க முடியவில்லை.

கமலக்கண்ணன் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"ஒரு சேதி சொல்லணும்பா. பணம் வரல. வராது போல கீது. மேலிடத்துல வேற ஜில்லாவுக்கு மாத்திட்டாங்களாம்."

கொஞ்ச நேரம் ஒருத்தருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கூச்சல். வேடியப்பன் எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல்.

"எவனைக் கேட்டு மாத்தினான்? நாம வேணாம்னு சொன்னோமா? இங்கயிருந்து எவனோ எழுதிக் குடுக்காம அங்க மாத்த மாட்டான். எனக்குத் தெரியாதா? யக்கா, நீ அங்கதான கீற. எவன்னு பேரை மட்டும் சொல்லு."

"அக்காவுக்கு இன்னா தெரியும்? சென்னைல எவனோ பண்ணது" என்றான் கமலக்கண்ணன் சட்டென்று.

தனகோடி தம்பியைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவளுக்காகப் பொய் சொன்னான். போதும், இந்தப் பொய்க்குள்ளேயே இருந்துவிடலாம். தம்பி இன்னும் தம்பியாகத்தான் இருக்கிறான்.

"சென்னையாவது ஒண்ணாவது! அந்த சூப்பிரண்டு கீறானே, அவன் வேலைதான் இது" என்றார் வேடியப்பன். "ரிட்டயர் ஆவறதுக்குள்ள எதையோ பண்ணிட்டான். திங்கக்கெழமை எல்லாரும் போறோம். ஆபீஸ் வாசல்ல நிக்க வெச்சி அவனை நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேக்கறோம். அவன் வூட்டு வாசல்லயும் கேக்கறோம். இன்னாப்பா?"

"கேக்கலாம்! கேக்கலாம்!" என்று கூட்டம் குரல் கொடுத்தது.

"அவரு இல்ல" என்றாள் தனகோடி.

யாருக்கும் காதில் விழவில்லை. இன்னொரு தடவை, உரக்கச் சொன்னாள்.

"அவரு இல்ல. அவரு எழுத வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் எழுதினேன்."

பக்கத்தில் நின்ற பொம்பளை அவள் கையை விட்டாள்.

"மறுபடி கேக்க ஒரு வழி கீது" தனகோடி அவசர அவசரமாகப் பேசினாள். "இப்ப நிலமும் கையில கீது, பிளானும் பாஸ் ஆயிடுச்சி. பதினெட்டு பேரும் புதுசா கையெழுத்துப் போட்டுக் குடுத்தா அடுத்த துணை பட்ஜெட்ல சேக்கச் சொல்லி நானே சென்னைக்கு நேர்ல கொண்டு போறேன். ஒருத்தர் கொறஞ்சாலும் எடுத்துக்க மாட்டாங்க. எல்லாரும் போடணும்."

"உங்கையில இன்னொரு தபா கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமா?" என்றார் வேடியப்பன். அவர் குரல் இத்தனை மெதுவாக வரும் என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. "ஊரான் எழுதியிருந்தா ஒதைச்சிருப்பேன். உன்ன இன்னா பண்றது?"

அவர் துண்டை உதறிக்கொண்டு நடந்தார். பின்னாலேயே ஒவ்வொருத்தராகக் கிளம்பினார்கள். யாரும் திட்டவில்லை. நாலு வார்த்தை கெட்டதாகத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

கமலக்கண்ணன் மட்டும் நின்றான். வீட்டில் கேட்காததை இங்கே கேட்டான்.

"எழுதறப்போ, பதினெட்டுல நம்ம வூடும் ஒண்ணுன்னு தெரியும் இல்ல?"

"தெரியும்."

"அன்னிக்கு ராத்திரி எங்கூட ஒக்காந்துதான சாப்ட்ட?"

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. பொழுது விடியறதுக்குள்ள பதினெட்டு குடும்பமும் மண்வெட்டி தூக்கிகினு வந்து அஸ்திவாரம் தோண்டியிருப்போமே. தோண்டியிருந்தா நீ பில்லு போட்டிருப்ப இல்ல?"

ஆபீஸ் விஷயத்தை வீட்டில் பேசக்கூடாது என்று தனகோடி இருபது வருஷமாக இருந்துவிட்டாள். கேட்டால் இவர்கள் தோண்டுவார்கள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. முடியுமா முடியாதா என்று அவள் எல்லாரையும் கேட்டாள். இஞ்சினியரைக் கேட்டாள், சூப்பிரண்டைக் கேட்டாள். வீடு யாருக்கோ, அவர்களை ஒருத்தரைக்கூடக் கேட்கவில்லை.

"போட்டிருப்பேன்" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். அவ்வளவுதான். திரும்பி ரோட்டைப் பார்த்து நடந்தான். அம்மணி ஏற்கெனவே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவனும் ஏறினான்.

ஆட்டோ கொஞ்சதூரம் போய் நின்றது. ஹாரன் அடித்தது. தனகோடி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நாலு ஆடு ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போயிற்று. ஆட்டோ கிளம்பிப் போய்விட்டது.

அவள் நடு ரோட்டில் நின்றுகொண்டு அழுதாள். நின்று பார்க்கக்கூட ஒருத்தர் இல்லை. அழுது முடித்தபோது, நாளையிலிருந்து பதினெட்டு வாசலில் போய் நின்று கையெழுத்துக் கேட்க வேண்டும் என்பது மட்டும் அவளுக்கு நிச்சயமாக இருந்தது. முதலில் கேட்க வேண்டியது தம்பியை. அவன் போட்டால்தான் மற்றவர்கள் போடுவார்கள்.

வெயிலில் ஊர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.